சாயங்காலமானா வீல்னு கத்துறா, முதுகை அழுத்துற தெரபிக்கு கூட்டிட்டுப் போகலாமா?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு ஏழு வாரம் ஆகுது, தாய்ப்பால் மட்டும்தான். சாயங்காலம் ஆனாலே காலை மடக்கிக்கிட்டு முகம் செவந்து மூணு மணி நேரம் கத்துறா, மோஷன் நாலு நாளைக்கு ஒரு தடவைதான். முதுகெலும்பை லேசா அழுத்துற தெரபில ரெண்டு மூணு சிட்டிங்ல சரியாயிடும்னு சொல்றாங்க. போகலாமா?

பதில்: முதல்ல மோஷன் கவலையை விடுங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை இந்த வயசுல ஒரு வாரம் வரைக்கும் கூட போகாம இருக்கலாம், வரும்போது இளக்கமா வந்தா அது மலச்சிக்கலே இல்ல. அழுகைக்கு பேர் கோலிக். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல, வாரத்துல 3 நாளுக்கு மேல அழுதா கோலிக்னு 1954-லயே கணக்கு போட்டு வச்சிருக்காங்க, ஆனா ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியல. கேஸ்னுதான் எல்லாரும் சொல்றோம், பாதி நேரம் அழுது அழுது காத்தை முழுங்கித்தான் வயிறே உப்புது!

இந்த அழுகை ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துக்குப் போயி மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும். அதனால உங்க பொண்ணுக்கு இப்ப எதை ஆரம்பிச்சாலும் அதுதான் குணமாக்குச்சுன்னு பேர் வாங்கிடும். 2012-ல இந்த மாதிரி தெரபி பத்தின 6 ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைங்க, சேர்த்துப் பார்த்தாங்க. அழுகை குறைஞ்ச மாதிரிதான் தெரிஞ்சுது, ஆனா குழந்தைக்கு தெரபி குடுத்தாங்களா இல்லையான்னு பெத்தவங்களுக்கே தெரியாம வச்சுப் பார்த்த ஆய்வுகள்ல பெருசா வித்தியாசம் இல்ல. முதுகு, கழுத்துல யாரும் கை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வயித்தைத் தடவுறது வேற விஷயம், தாராளமா பண்ணுங்க. பால் குடிச்சு முக்கால் மணி நேரமாவது போகட்டும். உங்க கையை சூடு பறக்கத் தேய்ச்சுக்கிட்டு, தொப்புளைச் சுத்தி கடிகார முள் சுத்துற பக்கமாவே தடவுங்க, பெருங்குடல் அவளோட வலது கீழ்ப்பக்கம் ஆரம்பிச்சு மேல ஏறி இடது பக்கம் இறங்குது, அதான் காரணம். அப்புறம் ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அஞ்சு நிமிஷம் போதும், கத்திக்கிட்டே இருந்தா விட்டுடுங்க. கோலிக்கையே போக்கிடும்னு சொல்லல, காத்து பிரியும், உங்க கை பட்டா கொஞ்சம் அடங்குவா.

ஆனா பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், வயிறு கல்லு மாதிரி உப்புறது, பீச்சி அடிக்கிற வாந்தி, இதுல ஒண்ணு வந்தாலும் தடவிக்கிட்டு உக்காராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. எடை ஏறலேன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும். கத்தல் தாங்க முடியாம கோவம் வந்தா பாப்பாவைத் தொட்டில்ல மல்லாக்கப் போட்டுட்டு பத்து நிமிஷம் வெளிய போய் நில்லுங்க, அதுல தப்பே இல்லம்மா.