நாற்பது வயது கடந்த காருக்குச் சோதனை வேண்டாமா?

கேள்வி: பிரிட்டனில் பழம்பெரும் கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருப்பது சரிதானா?

பதில்: 2012 நவம்பரில் 1960க்கு முந்தைய வண்டிகளுக்குத் தரப்பட்ட எம்.ஓ.டி. (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் சோதனை) விலக்கு, 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உரிமையாளர்கள் இவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறார்கள், குறைவாகவே ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், ஜாக்கி வைக்கும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் பரவும் துருவையும், நின்ற இடத்திலேயே நின்று வெடிப்புவிட்ட பிரேக் ரப்பர் குழாயையும், வண்டியைத் தூக்கி நிறுத்திப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். விலக்கு பெற்ற வண்டியானாலும், ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. முழு விலக்கைவிட, பிரேக், ஸ்டியரிங், அடிச்சட்டம் ஆகியவற்றை மட்டும் இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்க்கும் சுருக்கமான சோதனையே நியாயம் என்பேன். அதுவரை, விரும்புவோர் தாமாகவே எம்.ஓ.டி. செய்துகொள்ளத் தடையேதுமில்லை.