நாயின் முகத்தில் தெரிவது குற்ற உணர்வா?

கேள்வி: நான் வேலைக்குச் சென்றிருக்கும்போது என் நாய் மெத்தையைக் கடித்துக் குதறிவிடுகிறது. மாலையில் நான் திரும்பியதும் காதை மடக்கி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தவறு செய்தது அதற்குத் தெரிகிறது அல்லவா? கண்டித்தால் திருந்துமா?

பதில்: திருந்தாது. நீங்கள் காண்பது பெரும்பாலும் குற்ற உணர்வு அன்று. உங்கள் குரலையும் நிற்கும் விதத்தையும் கண்டு எழும் பணிவும் அச்சமுமே. நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாது என்று விலக்கிய தின்பண்டத்தை நாய் உண்மையில் தின்றதா என்பதற்கும் அந்த முகபாவத்துக்கும் தொடர்பே காணப்படவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது மிகுதியாகத் தோன்றியது. அதிலும், தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் கூடுதலாகத் தெரிந்தது.

நாய்க்கு உணர்ச்சி இல்லை என்று இதற்குப் பொருளன்று. அச்சத்தை எழுப்பும் ஆழ்மூளைப் பகுதிகள் அதற்கும் நமக்கும் பெரிதும் ஒத்தவை. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நனவுக்குரிய, அதாவது உணர்ந்தறியும் நிலைக்குரிய, நரம்பமைப்புகள் உண்டு என்று 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியலாளர்கள் அறிவித்ததும் இதையொட்டியே. வேறுபாடு சிந்தனைக்குரிய மேலடுக்கான பெருமூளைப் புறணியில் மிகுதி: நம்முடையதில் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள், நாயினுடையதில் சுமார் 50 கோடி. காலையில் செய்ததை மாலையில் நினைவுகூர்ந்து, ‘அதைச் செய்தவன் நான், அது தவறு’ என்று தன்னையே எடைபோடும் திறன் மனிதரிடம் மொழியோடு பின்னிப் பிணைந்து வளர்ந்தது. நாயிடம் அதற்கான உறுதியான சான்று இதுவரை இல்லை. கண்ணாடியில் தன்னை அடையாளம் காணும் சோதனையில் நாய் தோற்பதை, அத்திறன் அதற்கு இல்லை என்பதற்குச் சிலர் சான்றாகக் காட்டுவர். மோப்பத்தால் உலகை அறியும் விலங்குக்கு அது பொருந்தாத சோதனை என்பது என் கருத்து.

ஆகவே மாலையில் விழும் திட்டை நாய் மெத்தையோடு இணைத்துப் பார்க்காது, உங்கள் வருகையோடுதான் இணைக்கும். நாளடைவில் நீங்கள் கதவைத் திறப்பதே அதற்கு அச்சமாகிவிடும். கடிக்கும் அந்த நொடியில் தடுத்து, மெல்லுவதற்கு உரிய பொருளைக் கொடுப்பதே பயன்தரும். புறப்படுமுன் நன்றாக நடக்கவிடுங்கள். மெத்தை இருக்கும் அறையை மூடிவையுங்கள். கைப்பேசியில் ஒருமுறை பதிவுசெய்து பாருங்கள்: நீங்கள் வெளியேறிய சிறிது நேரத்திலேயே ஊளையிடுதல், எச்சில் வடித்தல், கதவைப் பிறாண்டுதல் ஆகியவை தொடங்கினால், அது குறும்பு அன்று, பிரிவுப் பதற்றம் (தனியே விடப்படும்போது எழும் கடும் அச்சம்), கால்நடை மருத்துவரிடம் அந்தப் பதிவையே காட்டுங்கள்.