சீதனக் காணியை ஈடு வைத்துப் படிப்பிப்பதா?

அன்புள்ள ஐயா,

மகன் உயர்தரம் வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் கம்பஸ் கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் மூன்று வருடப் பட்டத்துக்கு 24 இலட்சம் கேட்கிறது. என் சீதனக் காணி நாலு பரப்பை ஈடு வைப்போம் என்கிறார் கணவர். கனடாவில் இருக்கும் என் அண்ணாவோ, "அவன் உழைச்சுப் படிக்கட்டும், இங்க எல்லாரும் அப்பிடித்தான்" என்கிறார். மகள் தரம் 10 படிக்கிறாள். என்ன செய்வது?

ஒரு தாய், கோப்பாய்

அன்புள்ள அம்மா,

கட்டாயம் உதவுங்கள். அண்ணா இருக்கும் நாட்டில் மாணவருக்கு அரசாங்கக் கடன் இருக்கிறது, மணித்தியாலக் கணக்கில் வேலையும் இருக்கிறது. கொழும்பில் பகுதிநேர வேலை சாப்பாட்டுக்குக் காணும், 24 இலட்சத்துக்குக் காணாது.

ஆனால் உங்கள் கணக்கு 24 இலட்சத்தோடு முடியாது. அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாமாக மாதம் 35,000 என்று வைத்தாலும் 36 மாதத்துக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 36 இலட்சத்தைத் தாண்டுகிறது. பட்டம் தருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால், அதற்குரிய கட்டணம் பவுண் போன்ற வெளிநாட்டுக் காசிலா ரூபாவிலா என்று கேளுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளிநாட்டுக் காசில் கட்டணம் கட்டவேண்டியிருந்த பிள்ளைகள் பலர் அப்போது நடுவழியில் நின்றார்கள். பதிவு, பரீட்சை, மீள்பரீட்சை, கடைசி வருடப் பட்டக் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலகினால் என்ன திருப்பித் தருவார்கள் என்பதும் அதில் இருக்கவேண்டும்.

காணி விஷயத்தில்தான் எனக்குப் பயம். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது உங்கள் சொந்த ஆதனம். நீங்கள் ஒப்பமிடாமல் கணவரால் ஈடு வைக்க முடியாது. ஈட்டுறுதி என்று சொல்லி அறுதி உறுதியில், அதாவது காணியை விற்றுவிட்டதாக எழுதும் உறுதியில், கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "காசு தந்ததும் திருப்பி எழுதித் தருவன்" என்ற வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும்.

என்னைக் கேட்டால் காணியைத் தொடவேண்டாம். முதலில் அரசின் வட்டியில்லா மாணவர் கடனைப் பாருங்கள். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கென்றே வந்த திட்டம் அது. அந்தத் திட்டத்தின் பட்டியலிலுள்ள நிறுவனங்களின் கற்கைகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், அனுமதிக் காசு கட்டமுன் பட்டியலைப் பாருங்கள். மிச்சத்துக்கு நகை. முழுவதையும் ஒரேநாளில் அடகு வைக்காமல், ஒவ்வொரு தவணைக்கும் தேவையான அளவை மட்டும் வையுங்கள். அடகுத் தவணை முடிவில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம், அந்த 12 இலட்சமும் மிஞ்சும். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லையே என்று உறவுக்காரர் சொல்வதைக் கேட்டு இதைத் தள்ளவேண்டாம்.

மகளின் பங்கை இன்றே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். நாளைக்கு அவளுக்குக் கம்பஸ் கிடைத்தால் படிப்பு இலவசம்தான், தங்குமிடமும் சாப்பாடும் இலவசமில்லை. மகனையும் பக்கத்தில் இருத்தி இந்தக் கணக்கு முழுவதையும் அவன் கையாலேயே எழுதவிடுங்கள்.