செவ்வாயில் உன் மூச்சு யார் கையில்?

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. செவ்வாயில் குடியேற ஆள் எடுத்தால், திரும்பி வர வழியில்லை என்றாலும் பெயர் கொடுத்துவிடுவேன். இதைச் சொன்னதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நம் முன்னோர் கப்பலேறி இங்கே வந்ததும் இப்படித்தானே? இது பைத்தியக்கார ஆசையா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பைத்தியக்கார ஆசை இல்லை அம்மா. பினாங்கில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். 2014 செப்டம்பர் 24 அன்று இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே செய்ய வேண்டிய வேலையும் கிடக்கிறது. ஆப்பர்ச்சுனிட்டி என்ற ஊர்தி 2004இல் இறங்கியது. 42 கிலோமீட்டர் ஓட அதற்கு 11 வருடம் பிடித்தது. பினாங்குப் பாலத்து மாரத்தானில் அதே தூரத்தை நம் பிள்ளைகள் சில மணி நேரத்தில் ஓடிவிடுகிறார்கள். ஜெஸீரோ பள்ளத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடி ஏரியில் கலந்த தடம் இருக்கிறது. கையில் சுத்தியலோடு ஒரு மனுஷி அங்கே போய் நின்றால் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்! அந்த மனுஷி ஏன் செந்தூல் பெண்ணாக இருக்கக்கூடாது?

உடம்புக்கு வரும் கேடு உனக்கே தெரிந்திருக்கும். போய்ச் சேர ஏறக்குறைய ஏழு மாதம். கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கணக்குப்படி, அந்தத் தரையில் விழும் கதிர்வீச்சு இங்கே நாம் இயற்கையாக வாங்குவதைப்போல் சுமார் நூறு மடங்கு. அதனால் பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான் குடித்தனம். ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு. அந்த ஈர்ப்பில் ஒரு குழந்தைகூட இதுவரை வளர்ந்ததில்லை.

நீ முன்னோரை இழுத்தாயே, அதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை அடுத்த ஜெரேஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு தோட்டத்துக்குப் போனவர். கடன், கங்காணி, துரை, மலேரியா எல்லாம் பார்த்தவர். ஆனால் மூச்சுக் காற்றுக்காக அவர் துரையிடம் கையேந்தியதில்லை. பொறுக்க முடியாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு தோட்டத்துக்கு ஓடவும் செய்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது. இருந்தும் அவர்களால் வேலையை நிறுத்த முடிந்தது.

செவ்வாயில் உன்னால் முடியுமா? 2021 முதல் 2023 வரை மாக்ஸி என்ற கருவி அந்தக் காற்றிலிருந்து பிரித்த ஆக்சிஜன் மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கே சுமார் 840 கிராம் வேண்டும். கருவி நாளைக்குப் பெரிதாகும், சரி. அதன் குழாயைத் திறப்பதும் மூடுவதும் உனக்குச் சம்பளம் தருகிறவன் கையில் இருந்தால், அவனிடம் எதைக் கேட்பாய்? பூமிக்கு முறையிட்டாலும், தூரத்தைப் பொறுத்துச் சேதி வந்துசேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். உதவிக் கலம் கிளம்பத் தோதான நேரமோ 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். எந்த நாடும் வேற்றுக் கோளைச் சொந்தம் கொண்டாடக்கூடாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். அங்கே உழைக்கப்போகிறவரின் உரிமைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆள் சேர்ப்பவர்களையும் தீர விசாரி. ஒருவழிப் பயணத்துக்கு ஆள் எடுப்பதாக 2012இல் அறிவித்த நெதர்லாந்தின் மார்ஸ் ஒன் நிறுவனம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கியது. 2019இல் திவாலானது.

போய்த் திரும்பும் பயணம் என்றால், ஏறக்குறைய மூன்று வருடம் ஆனாலும் தயங்காமல் பெயர் கொடு. நிரந்தரம் என்றால் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படி. காற்றுக்கும் தண்ணீருக்கும் சம்பளத்தில் பிடித்தம் இருக்கக்கூடாது. வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வர உனக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் கையெழுத்துப் போடாதே. அப்பாவிடம் நீயே போய்ப் பேசு. மகளுக்கு ஏதாவது ஆனால் உடம்புகூட வீடு வந்து சேராதே என்றுதான் அவர் வாயடைத்துப் போயிருப்பார்.

கேள்வி: செவ்வாய் மண்ணில் கீரை, வெண்டை போடலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: அப்படியே போட முடியாது. அந்த மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் பீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தது. அது தைராய்டைக் கெடுக்கும். தண்ணீரில் கரையும் என்பதால் மண்ணைக் கழுவி எடுக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரை உறைபனியைத் தோண்டி உருக்கித்தான் எடுக்க வேண்டும். காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஒரு விழுக்காடுகூட இல்லை, ஆகவே திறந்தவெளிப் பாத்தி ஆகாது, மூடிய கூடாரம்தான். விண்வெளி நிலையத்தில் விளைந்த லெட்டூஸ் கீரையை வீரர்கள் 2015இல் சாப்பிட்டார்கள். முதலில் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் பூமியிலிருந்து போகும் உலர் உணவைத்தான் நம்பியிருக்க வேண்டும்.