கீமோவுக்கு அப்புறம் பாதம் எரியுது, தடவுற மருந்து கேக்குமா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், வாரம் ஒண்ணுன்னு 12 தடவை பாக்லிடாக்செல்ங்கற கீமோ மருந்து போட்டு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, ராத்திரி போர்வை பட்டாக்கூட பாதம் எரியுதுங்கறாங்க, இப்ப டமாக்சிஃபென்ங்கற ஹார்மோன் மாத்திரை ஓடுது, இதுக்கு மேல மாத்திரை வேணாம் தடவுற மாதிரி ஏதாவது சொல்லுங்கன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

இருக்கும்மா, ஆனா ரொம்ப எதிர்பார்க்காதீங்க. எரிச்சல், குத்தல் வேற, மதமதப்பு வேற. நரம்புக்குள்ள சரக்கு போற தண்டவாளம் மாதிரி ஒண்ணு இருக்கு, பாக்லிடாக்செல் அதைக் கெடுத்துடுது, அதான் நீளமான நரம்போட நுனியில, கால் விரல்ல, முதல்ல ஆரம்பிக்குது. தடவுறது எரிச்சலைக் கொஞ்சம் அடக்கும், மரத்துப்போன இடத்துக்கு உணர்ச்சியைத் திருப்பித் தராது.

நான்னா முதல்ல 1% மெந்தால் க்ரீம்தான் சொல்லுவேன், காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை, ரெண்டு மூணு வாரம் போட்டுப் பாருங்க. பெரிய ஆதாரம் கிடையாது, ஆனா செலவும் கம்மி ஆபத்தும் கம்மி. அதுக்காக வீட்ல இருக்கற தலைவலித் தைலத்தை எடுத்துப் பூசிடாதீங்க, அதுல கற்பூரம் அது இதுன்னு நிறைய சேர்ந்திருக்கும், பித்தவெடிப்புல பட்டா அது தனி எரிச்சல்.

அடுத்தது கேப்சைசின், மிளகாயோட காரமேதான். கடைல கிடைக்கற 0.025%, 0.075% க்ரீமை தினம் மூணு நாலு தடவை விடாம போடணும், முதல் வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும், நிறைய பேர் அங்கயே விட்டுடறாங்க. கையை சோப்பு போட்டுக் கழுவாம கண்ணைத் தொட்டீங்கன்னா அவ்வளவுதான். 8% பேட்ச்னு ஒண்ணு இருக்கு, அது ஆஸ்பத்திரில பாதத்துல 30 நிமிஷம் ஒட்டி எடுக்கறது, வீட்ல செய்யற வேலை இல்ல. மரத்துப்போக வைக்கற லிடோகெய்ன் 5% பேட்ச் ஒரு சின்ன இடம் மட்டும் வலிச்சா சரி, ரெண்டு பாதம் முழுக்கன்னா கட்டுப்படியாகாது.

அமிட்ரிப்டிலின்ங்கற மன அழுத்த மருந்தையும் கெட்டமின்ங்கற மயக்க மருந்தையும் கலந்து க்ரீம் செஞ்சு தர்றோம்னு யாராவது சொன்னா யோசிங்க. 462 பேர்கிட்ட சோதிச்சு 2014ல முடிவு வந்துச்சு, மருந்தில்லாத வெறும் க்ரீமைவிட அது ஒண்ணும் பெருசா செய்யல. அதே ரெண்டோட பேக்லோஃபென்ங்கற தசை இறுக்கத்தைத் தளர்த்தற மருந்தையும் சேர்த்த ஜெல் 2011ல 208 பேர்கிட்ட லேசா பலன் காட்டுச்சு, லேசாத்தான்.

நிஜமா ஆதாரம் உள்ளது டுலாக்சிடின் மாத்திரை, மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தர்றது. ஆனா டமாக்சிஃபென் உடம்புல வேலை செய்ய கல்லீரல்ல ஒரு நொதி வேணும், டுலாக்சிடின் அதைக் கொஞ்சம் தடுக்கும், அதனால கேன்சர் டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. அந்த வகைல நீங்க தடவுறதைக் கேட்டது சரிதான். நரம்பு மாத்திரைன்னு கடைல தர்றதுல பி6 எவ்வளவு இருக்குன்னும் பாருங்க, அளவு கூடி மாசக்கணக்கா போனா அதுவே நரம்பைக் கெடுக்கும். அதுல அசிட்டைல் எல் கார்னிடின்ங்கற சத்துப் பொருள் இருந்தா வேணவே வேணாம்.

வெந்நீர்ல காலை வைக்க விடாதீங்க, சூடு தெரியாம கொப்புளிச்சுடும். தினம் ராத்திரி களிம்பு தடவும்போது உள்ளங்கால்ல புண்ணு, வெட்டு இருக்கான்னு நீங்களே பாருங்க, இருந்தா அந்த இடத்துல தடவாதீங்க. நடக்கறப்போ தடுமாறினாலோ, சட்டை பட்டன் போட முடியலைன்னாலோ களிம்பை நம்பி உக்காராம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.