வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்வர, மாசி மாதத்தில் ஏரிக்கரையோரம் நிதானமாக நடக்க நல்ல மலை எது?

மலை வேண்டும், ஏரி வேண்டும், ஆனால் முழங்கால் வலி உள்ள அம்மாவும் கூட வருவதால் ஏற்றம் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏலகிரிக்குப் போங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது. பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் எங்களுக்கு அது இன்னும் நம்ம ஏலகிரிதான்.

"அங்க இன்னா இருக்குது, போட்ல ஒரு ரவுண்டு போயிட்டு திரும்ப வேண்டியதுதான்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். காரில் போய் இறங்கி, படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு ஓடுபவர்களுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். நடக்கப் போகிறவர்களுக்குக் கதையே வேறு. 14 கொண்டை ஊசி வளைவுகள் (புலவர்கள், வள்ளல்கள் பெயரில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகலாம்) ஏறி முடித்ததும் மலை சட்டென்று சமதளமாகிவிடும். சுற்றிலும் குன்றுகள், நடுவில் வயல், தோப்பு, சின்னச் சின்ன ஊர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும், காற்று மட்டும்தான் நினைவூட்டும். அந்தப் பள்ளத்தில்தான் புங்கனூர் ஏரி. இயற்கை ஏரி கிடையாது, மழைத் தண்ணீரைத் தேக்குவதற்காக வெட்டியது. அதனால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே.

மாசியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. நாட்காட்டிப்படி இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது, ஆனால் வேலூர்க்காரர்களுக்கு சித்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலை மேல் மாசியில் காலைப் பனி இன்னும் விட்டிருக்காது. மாமரங்கள் பூத்திருக்கும். இலவ மரங்களில் இலை ஒன்றுகூட இல்லாமல் சிவப்புப் பூ மட்டும் இருக்கும், மைனாக்கள் அதில் போடும் சண்டையைக் கீழேயிருந்து கேட்கலாம்.

பலா மரத்தைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். பழம் வர வைகாசி, ஆனி ஆகும். இப்போது அடிமரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாக முட்டிக்கொண்டு நிற்கும். மரத்தடியில் அதே அளவில் கறுத்து, பூசணம் பிடித்து, தொட்டால் பொடியாகிற மாதிரி நிறைய உதிர்ந்து கிடக்கும். பிஞ்செல்லாம் கெட்டு விழுந்துவிட்டதே என்று பலரும் உச்சுக்கொட்டுவார்கள். அவை பெரும்பாலும் ஆண் பூங்கொத்துகள். மகரந்தம் கொட்டியதும் வேலை முடிந்து தானாக விழுபவை. பெண் பூ மட்டும்தான் காயாகும். என் மனைவிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப உதிர்றதுதான் ஆம்பளைங்க வேலையா" என்றாள். சரி, அதை விடுங்கள்.

நடைக்கு வருவோம். முதலில் ஏரியைச் சுற்றியுள்ள பாதை. மேடுபள்ளம் இல்லாததால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது, உட்காரவும் இடம் இருக்கிறது. படகுத்துறைப் பக்கம் மட்டும்தான் சத்தம். எதிர்க்கரைக்குப் போய்விட்டால் மடையானும் மீன்கொத்தியும்தான் துணை. மாசியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருக்கும். கரையோரச் சேற்றில் மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மண்ணோடு மண்ணாக அசையாமல் நிற்கும். பறந்தால்தான் இறக்கை வெள்ளை தெரிந்து, "அட, இங்கயா இருந்துச்சு" என்போம்.

அம்மா களைத்துவிட்டால் பக்கத்திலேயே உள்ள இயற்கைப் பூங்காவில் நிழலாக உட்கார்ந்துகொள்ளட்டும். உங்களுக்குக் காலில் இன்னும் தெம்பு இருந்தால் நிலாவூர் சாலையைப் பிடியுங்கள். ஏலகிரியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சாலைதான். வார நாளில் வண்டி அதிகம் இருக்காது, இரண்டு பக்கமும் தோட்டமும் வீடுகளும். இந்தச் சமயத்தில் வாசலில் புளி காயும். ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுத்துக்கொண்டே பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படித் தட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, சும்மா நடக்கறோம்" என்றேன். "சும்மாவா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், கூடவே ஒரு புளியும். நிலாவூரிலும் சின்னதாக ஓர் ஏரி உண்டு, கூட்டம் குறைவு. திரும்பி வர ஷேர் ஆட்டோ கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை உச்சியையும் ஜலகாம்பாறை அருவியையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அருவியில் ஐப்பசி முதல் தை வரை போனால்தான் தண்ணீர் பார்க்கலாம், மாசியில் மெலிந்துவிடும். உச்சிக்கு வேறு காரணம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தது நினைவிருக்கும். இலையுதிர்ந்து புல் காய்ந்து கிடக்கும் இந்த மாதங்களில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். ஏறியே ஆக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், அரசின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்து, அனுமதியோடு போகட்டும். யாரோ வழிகாட்டி "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றால் நம்பிப் போகாதீர்கள்.

போகும் வழி: சொந்த வண்டி என்றால் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி பொன்னேரியில் மலைச்சாலை. ரயில் என்றால் காலை எட்டு மணிவாக்கில் காட்பாடிக்கு வரும் கோவை எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ. ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து அதற்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்! அது காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய் மாலையில்தான் திரும்பும், உங்களுக்கு நேர் எதிர்.

சனி, ஞாயிறு வேண்டாம், பெங்களூரே அங்கேதான் இருக்கும். சாப்பாட்டைத் துணிப்பைக்குள் வையுங்கள். கேரிபேக் சரசரத்தால் குரங்குகள் எங்கிருந்தாலும் வந்துவிடும். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது பற்றிப் பேசவே வேண்டாம். பேருந்தில் வருவதாக இருந்தால், கடைசி வண்டி எத்தனை மணிக்கு இறங்கும் என்பதைக் காலையில் மலை மேல் அத்தனாவூரில் இறங்கியவுடனே நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள்.