ஒற்றை இன்ஜின் விமானத்தில் மாசாய் மாராவுக்குப் போகலாமா?

கேள்வி: கென்யாவில் நைரோபியிலிருந்து மாசாய் மாரா வனவிலங்கு காப்பகத்துக்கு செஸ்னா கேரவன் என்ற ஒற்றை இன்ஜின் சிறிய விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறோம். மனைவி, பிள்ளைகளும் வருகிறார்கள். கூடுதல் பணம் கட்டினால் கார் இன்ஜினைப் போன்ற பிஸ்டன் இன்ஜின் இரண்டு உள்ள விமானம் தனி சார்ட்டராக, அதாவது எங்களுக்கு மட்டும் வாடகைக்குக் கிடைக்குமாம். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், கேரவனிலேயே போங்கள். இன்ஜின் இரண்டு இருந்தால் பாதுகாப்பும் இரண்டு மடங்கு என்று நினைப்பது இயல்புதான், ஆனால் சின்ன பிஸ்டன் விமானங்களில் கணக்கு அப்படி வராது. ஒன்று நின்றுபோனால் மேலே ஏறும் திறனில் 80 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். நீங்கள் கிளம்பும் வில்சன் விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில், முழுச் சுமையோடு, மிச்சமிருக்கும் இன்ஜினால் உயரத்தைத் தக்கவைக்கவே முடியாமல் போகலாம். கேரவனில் இருப்பது பிடி6 என்ற டர்பைன் இன்ஜின், ஜெட் இன்ஜின் வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் இன்ஜின்களைவிட நம்பகமானது, அது நின்றாலும் மணிக்கு 110 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் திறந்த வெளியில் இறக்கப் பார்க்கலாம்.

2000 மே 31 இரவு, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வயல்லா போன பைப்பர் சீஃப்டன் இரட்டை இன்ஜின் விமானம்தான். இடது இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) உடைந்தது, வலது இன்ஜினில் ஒரு பிஸ்டன் ஓட்டையானது, விமானம் கடலில் விழுந்து 8 பேரும் இறந்தார்கள். காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைவாக வைத்து ஓட்டிய முறையைக் காரணமாகச் சொன்னது விபத்து விசாரணை அமைப்பு. கிராங்க் ஷாஃப்டின் உலோகத்திலேயே குறை என்றார் மரண விசாரணை அதிகாரி. கடலைத் தாண்டிப் போகும் அந்த விமானத்தில் லைஃப் ஜாக்கெட்கூட இல்லை, விதியும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம், தனி சார்ட்டரில் இன்னொரு சிக்கல், காசு கொடுத்தவர் தரும் அழுத்தம். 2001 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்பென் நகருக்குப் போன சார்ட்டர் ஜெட்டில் பயணிகளே தாமதமாகத்தான் வந்தார்கள். வேறு ஊரில் இறங்க நேரலாம் என்று விமானி சொன்னதும் வாடகைக்கு எடுத்தவர் கோபப்பட்டார். இருட்டிலும் பனிப்பொழிவிலும் இறங்கப் போய் 18 பேர் இறந்தார்கள், அந்த அழுத்தமும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையே சொன்னது. அதனால் விமானி "இப்போது வேண்டாம், மழை விடட்டும்" என்றால், சரி என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். எப்போது கிளம்பும் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் நிற்காதீர்கள்.

எந்த நிறுவனமானாலும் பணம் கட்டும் முன் வணிக விமான உரிமம் இருக்கிறதா, காப்பீடு பயணிகளையும் சேர்த்துத்தானா என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். உங்கள் எடையையும் பையின் எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள், பை பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான். ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்தை மாராவிலிருந்து வரும் அதே நாளில் வைக்காமல், நைரோபியில் ஒரு இரவு தங்கும்படி டிக்கெட் போடுங்கள்.